தகப்பனின் காதலிக் குரல்

ஐந்தாம் வகுப்புப் படிப்போடு நோர்வேயின் ஒஸ்லோ வந்து, இரண்டு கடையும் நகரின் ஓரத்து ரொம்மனில் வீடும் எழுப்பியவன் நான். நேற்று ரயிலில் எனக்கு எதிரே இருந்த இளைஞன் தன் பக்கத்தில் இருந்த தகப்பனிடம் கைபேசியை நீட்டி, "அப்பா, இப்ப நீங்கள்தான் என்ரை காதலி" என்றான். ஹொலிவூட் படத்தில் தமிழ் நாயகன் வேடமாம். நடிகர் தேர்வுக்கு அனுப்பும் காட்சியில் காதலியின் வசனத்தைச் சொல்ல ஒரு குரல் வேண்டுமாம்.

"'போ, திரும்பி வராதை' எண்டு சொல்லுங்கோ."

"போட்டுத் திரும்பி வா, ராசா" என்றார் தகப்பன்.

"அப்பா! இண்டைக்கு அனுப்பாட்டில் வேடம் போயிடும்."

"பெத்த பிள்ளையைப் பாத்து 'போ' எண்டு எப்பிடியடா சொல்லுறது?"

"நீங்கள் சொன்னால்தான் எனக்கு அழுகை வரும்."

தகப்பன் மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போ, திரும்பி வராதை" என்றார். இருவருமே அழுதார்கள்.

அந்தப் பதிவில் விழாமல் என் இருமலை அடக்கி வைத்திருந்தவன் நான். பெடியன் நாயகனானால், கடை, வீட்டோடு என் சாதனையாக அதையும் சொல்ல வேண்டும்.