மூன்றாம் தளத்து மண்

மண்ணுக்குக் காலையில் தண்ணீர் விடுவது நல்லதா, மாலையில் விடுவது நல்லதா என்று எங்கள் ஊரில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் தக்காளி வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். மாலைதான் என்று சொல்வேன். இரவெல்லாம் ஈரம் உள்ளே இறங்கும், காலை வெயில் மேல்பக்கத்தை மட்டும் இறுக்கும். முப்பத்தெட்டு வருடம் ஆஷ்கிரோவ் ஆந்தைகள் அணியின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். எங்கள் கோடைக்கால பேஸ்பால் போட்டியில் சிறந்த மைதானம் என்று ஏழு முறை பட்டயம் கொடுத்திருக்கிறார்கள். பெயர் வெர்லின் ஸ்டக்கி. வயது எழுபத்தொன்று.

நீங்கள் கேள்வி கேட்டு நான் பதில் சொன்னால் இழுத்துக்கொண்டே போகும், அம்மா. நானே எழுதித் தருகிறேன். கை இன்னும் நடுங்கவில்லை.

எங்கள் அணிக்கு மூன்றாம் தளத்தில், அதாவது பந்தைத் தடுக்க ஒருவன் நிற்கும் இடதுபக்க மூலையில், ஆள் தங்குவதில்லை என்பது இந்தியானா மாநிலத்தின் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பத்தொன்பது வருடத்தில் முப்பத்தொரு பேர். மற்ற இடங்களில் எல்லாம் ஒருவன் நான்கு வருடம், ஐந்து வருடம் நிற்பான். மூன்றாம் தளத்தில் மட்டும் ஒரு கோடை முழுவதும் நின்றவன் அபூர்வம். புதிதாக ஒருவன் அந்த மூலைக்கு முதல்முறை நடந்து போகும்போது, ஜனங்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். சவ ஊர்வலம் போனால் வைப்பார்களே, அப்படி. விளையாட்டுக்குத்தான். "தம்பி, உயில் எழுதிட்டியா?" என்று மேல்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "எழுதிட்டான், ஷூ எனக்கு" என்று இன்னொரு குரல் வரும். வேலிப்பலகையில் அவன் பெயரைச் சுண்ணாம்பால் எழுதுவார்கள். பெயின்ட் எதற்கு வீணாக என்பார்கள்.

அணி நிர்வாகத்தைக் குறை சொல்லக் கூடாது. சட்டை முதுகில் இருக்கும் எண்ணை மாற்றினார்கள். தளத்துக்கு அடையாளமாகத் தரையில் வைக்கும் பையை மாற்றினார்கள். ஒரு வருடம் மெதடிஸ்ட் பாதிரியாரை அழைத்து அந்த மூலையில் ஜெபம் செய்தார்கள், நான்தான் அவருக்குக் குடை பிடித்தேன். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவர்கள் மண்ணை மட்டும் யோசிக்கவில்லை. ஏழு பட்டயம் வாங்கிய மண்ணை யார் சந்தேகப்படுவார்கள்?

என் மகன் லோவெல்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த முப்பத்தொரு பேருக்கும் முன்னால் நான்கு வருடம் மூன்றாம் தளத்தில் நின்றவன் அவன்தான். அவன் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பெரிய அணியிலிருந்து ஆள் வந்து, அவனை எடுக்கலாமா என்று பார்த்துவிட்டுப் போயிருந்த சமயம். அப்போது அவனுக்கு இருபத்து நான்கு.

ஒரு ஜூன் மாதம் மழை பெய்தது. ஈர மண்ணில் அடியில் ஆணி வைத்த ஸ்பைக் ஷூ அழுத்தமாகப் பதிந்தால், மறுநாள் வெயிலில் அந்தத் தடத்தின் விளிம்பு செங்கல் மாதிரி ஆகிவிடும். பந்து அதில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. காலைப் பயிற்சிக்கு முன்னால் அதைக் கொத்தி, நனைத்து, வாரியால் சமப்படுத்த வேண்டும். பத்து நிமிட வேலை. முந்தின நாள் சர்ச்சில் கெளுத்தி மீன் விருந்து. வயிறு முட்டத் தின்றுவிட்டுக் காலையில் தாமதமாகத்தான் வந்தேன். செய்யவில்லை. பயிற்சியாளர் ஹூபர்ட் டங்கன், பையன்கள் பிடித்துப் பழகுவதற்காக, தரையோடு பந்துகளை அடித்துக்கொண்டிருந்தார். ஒன்று எகிறி லோவெல்லின் இடது கண்ணில் பட்டது. கண் போய்விட்டது.

எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். நானும்தான். ஆனால் ஓடும் வழியில் அந்தத் தடத்தின் மேல் என் காலை வைத்துத் தேய்த்துவிட்டுத்தான் போனேன். யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகச் செய்தது.

பிறகு வந்த வாரங்களை எழுதப் பிடிக்கவில்லை. அவன் அறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். சமையலறையில் தட்டு எதிரில் நான் உட்கார்ந்திருப்பேன், ஒரு வாய் இறங்காது. ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே கேட்டான். "அது எப்படிப்பா அப்படி எகிறுச்சு?" "தெரியலடா" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் அவனிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். மற்றதெல்லாம் அந்தப் பொய்க்குச் செய்த பராமரிப்பு.

அவனுக்குப் பதிலாக வந்த டெல்பர்ட் என்பவன் மூன்றாவது வாரமே கணுக்காலை மடக்கிக்கொண்டு ஊருக்குப் போனான். அதில் என் கை இல்லை, சத்தியமாக இல்லை. முடிதிருத்தும் கடையில் யாரோ, "அந்த மூலையே விளங்காத மூலைப்பா" என்று சொன்னார்கள். அதை லோவெல்லிடம் போய்ச் சொன்னேன். அவன் எழுந்து உட்கார்ந்தான். சமையலறைக்கு வந்தான். "அப்ப அந்த இடமே சரியில்ல போலிருக்குப்பா. யார் நின்னாலும் அப்படித்தான் ஆயிருக்கும்" என்றான். அன்று இரண்டு பேரும் சாப்பிட்டோம். பன்றியிறைச்சி சாண்ட்விச், மேலே வெள்ளரி ஊறுகாய். அடிபட்ட பிறகு முதல்முறையாக அவன் முகத்தில் களை வந்ததைப் பார்த்தேன்.

நீங்கள் பிள்ளை பெற்றவரா என்று எனக்குத் தெரியாது. பெற்றவராக இருந்தால் மேலே நான் சொல்லவே வேண்டாம்.

மறுவருடம் வந்தவன் நன்றாக ஆடினான். ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. லோவெல் மறுபடி பேச்சைக் குறைத்துக்கொண்டான். இடம் சரியாகத்தான் இருக்கிறது என்றால், தவறு வேறு எங்கேயோ இருக்கிறது என்றுதானே ஆகும்? அவன் அதை யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அன்று மாலை மண்ணை நனைத்தேன். லோவெல்லின் பழைய ஷூ கொட்டகையில் கிடந்தது. அதைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு தடம் அழுத்தினேன். என் ஷூவில் ஆணி கிடையாது, அதனால்தான் அவனுடையது.

எங்கே அழுத்துவது என்பது கடினமில்லை. ஒவ்வொருவனுக்கும் நிற்கும் இடம் என்று ஒன்று உண்டு. ஒரு வாரம் அவன் கால்தடத்தைப் பார்த்தால் போதும். அவனுக்கு இரண்டடி முன்னால். மேலே புழுதியைத் தூவிவிட்டால் தெரியாது. ஹூபர்ட் ஒரு காலையில் அறுபது பந்து அடிப்பார். ஒன்றாவது விளிம்பில் படும். படாவிட்டால் மறுநாள். சில சமயம் இரண்டு வாரம் ஒன்றும் நடக்காது. நான் அவசரப்பட்டதில்லை. பயிற்சி முடிந்ததும் கொத்தி நிரவிவிடுவேன். மாலையில் எதிரணியும் அதே மூலையில்தான் நிற்க வேண்டும், அவர்கள் ஊரார் வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் ஒருவனுக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. நம் ஆளுக்கு மட்டும்தான் ஆகிறது என்று ஜனங்கள் இன்னும் உறுதியாக நம்பினார்கள்.

யாருக்காவது அடிபட்டால் எல்லோரும் ஆளைப் பார்த்து ஓடுவார்கள். மண்ணைப் பார்த்து ஓடுகிறவன் நான் ஒருவன்தான். ரத்தத்தின் மேல் புழுதி போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதையும்தான் செய்தேன்.

முப்பத்தொரு பேரில், இந்த வருடம் வந்தவனைச் சேர்க்காமல், எனக்குச் சேர வேண்டியவர்கள் பதினான்கு பேர். தாடை உடைந்தவன், முன்பல் நான்கும் போனவன், மூக்கு, காரை எலும்பு. ஒருவனுக்கு வலது காது இன்றுவரை கேட்காது, அவன் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். மற்றவர்கள் பயத்திலேயே போய்விட்டார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த வருடம் வேண்டாம் என்று நினைப்பேன். மே மாதம் லோவெல் இரும்புக்கடை வேலை முடிந்து வந்து, எனக்குப் பக்கத்தில் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மூன்றாம் தளத்தில் நிற்பவனை ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். பிறகு திரும்பி என்னைப் பார்ப்பான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. முயன்றேன், முடியவில்லை. கொட்டகைக்குப் போகும்போது என் கால்கள் என்னைக் கேட்டுப் போனதில்லை.

ஹூபர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அத்தனை பந்தையும் அடித்தவர் அவர்தான். ஒருநாள் கொட்டகையில் வந்து உட்கார்ந்து கையை விரித்துக் காட்டினார். "என் கையில என்னமோ இருக்குடா வெர்லின். நான் தொட்டாலே விளங்கல." அவருக்கு ஒரு பியர் திறந்து கொடுத்தேன். "மனசப் போட்டுக் கொழப்பிக்காத, அந்த இடம் அப்படி" என்றேன். நாற்பது வருட நண்பர். எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

இந்த வருடம் வந்தவன் அனிபால் ரோசாரியோ. டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவன், இருபத்து மூன்று வயது. ஜனங்கள் தொப்பியைக் கழற்றிய முதல் நாள் அவனும் தன் தொப்பியைக் கழற்றி, குனிந்து எல்லோருக்கும் வணக்கம் வைத்தான். "யாருங்க செத்தது? நல்ல மனுஷரா?" என்று உரக்கக் கேட்டான். அரங்கமே சிரித்தது. ஒன்பது வாரம் ஒரு பந்தைக்கூட விடவில்லை. பயிற்சிக்கு வரும்போது என் பக்கம் வந்து, "பெரியவரே, இன்னிக்கு மண்ணு என்ன சொல்லுது?" என்பான். வேலிப்பலகையில் அவன் பெயரை மட்டும் பெயின்டால் எழுதினார்கள். அந்த ஒன்பது வாரமும் நான் ஷூவைத் தொடவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, இது இப்படியே முடிந்து போகட்டும் என்றுதான் இருந்தேன். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஜூலை கடைசியில் ஒரு மாலை, வேலிக்கருகில் லோவெல் நிற்கும்போது சொன்னான். "அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல போலிருக்கேப்பா."

"ஏன்டா அப்படிச் சொல்றே?"

"இல்ல, பையன் எவ்ளோ நல்லா நிக்கறான் பாரு. உங்கிட்ட ஒண்ணு பேசணும்ப்பா. ஞாயித்துக்கெழம பேசலாம்."

என்ன பேசப்போகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கப்போகிறான். இந்தமுறை தெரியலடா என்றால் நம்ப மாட்டான். அன்று வெள்ளிக்கிழமை. மாலை மண்ணுக்குத் தண்ணீர் விட்டேன்.

சனிக்கிழமை காலை, நாற்பதாவது பந்தோ என்னவோ, அனிபாலின் தொண்டையில் பட்டது. கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் அருகில் நின்றிருந்ததால் பார்த்தான், வேறு காரணம் இருக்காது. மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தான். அவன் அம்மா விமானத்தில் வந்து சேர்வதற்குள் போய்விட்டான். ஹூபர்ட் வேலையை விட்டுவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எங்கள் சர்ச்சில் வைத்த இரங்கல் கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். யாரோ கொடுத்தனுப்பிய ஆப்பிள் பை மேஜையில் இருந்தது. இரண்டு பேரும் தொடவில்லை. லோவெல் எதிரில் உட்கார்ந்து, என் கையின் மேல் கை வைத்தான்.

"ஹூபர்ட் மாமாவைப் பாத்தா பாவமா இருக்குப்பா. நீயும் இத்தன வருஷமா இப்படித்தான இருந்திருப்பே. ஞாயித்துக்கெழம சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு. அன்னிக்கு அந்தத் தடத்த நான் பாத்தேன்பா. நீ மூடலன்னு தெரியும். மீன் விருந்துல நல்லாச் சாப்ட்டுட்டுத் தூங்கிட்டே, அவ்ளோதான். நானே கால வெச்சு மூடியிருக்கலாம், சோம்பேறித்தனம். உம்மேல எனக்கு ஒருநாளும் கோவமே இல்ல."

"அப்ப அந்த எடம் சரியில்லன்னு சொன்னியேடா."

"நீ சாப்பிடாமக் கெடந்தியேப்பா. ஒனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னேன். அதக் கேட்டப்பறந்தான் நீ ஒரு வாய் சாப்ட்டே. அதுலருந்து வருஷா வருஷம் யாருக்காவது ஏதாவது ஆகும்போதெல்லாம் ஒன் மூஞ்சியத்தான் பாப்பேன், கொஞ்சம் தெளிஞ்சிருக்கான்னு. இந்தப் பையன் நல்லா நின்னதப் பாத்துத்தான், இனிமே உண்மையச் சொன்னாலும் நீ தாங்கிக்குவேன்னு தோணுச்சு."

நான் எழுந்து நேராக உங்கள் காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன். அவன் பின்னாலேயே, "எங்கப்பா போற?" என்று கேட்டுக்கொண்டு வாசல்வரை வந்தான்.

இதில் எழுதியிருப்பதெல்லாம் நான் செய்ததுதான். பதினைந்து பேர், அனிபாலையும் சேர்த்து. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அந்த ஷூவைத் தொட்டிருக்கவே மாட்டேன். பத்தொன்பது வருடம் எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒரு மனிதன் அப்படி இருக்கலாமா? அவனையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.