சாமியின் தூக்கம்

கோத்தகிரியிலிருந்து இறங்கிய பஸ், வழியில் மண் சரிந்ததால் நின்றுவிட்டது. எனக்கு முன் சீட்டில் ஒருவர் மடியில் காகிதங்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் பக்கத்திலிருந்த எஸ்டேட் தொழிலாளிப் பெண் கேட்டாள்.

“என்னங்க எழுதறீங்க?”

“மெசபொடேமியாக் களிமண் பலகையில இருக்கற வெள்ளக் கதைங்க. தமிழ்ல கொண்டு வர்றேன். பைபிள்ல வர்ற வெள்ளத்துக்கும் முந்துனது.”

“அதுலயும் சனங்க பாவம் பண்ணித்தான் அழிஞ்சாங்களா?”

“இல்லீங்க. சனங்க போட்ட சத்தத்துல சாமிக்குத் தூக்கம் வரலையாமா. அதுக்குத்தான் வெள்ளம்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“போன மழைல ஊடு சரிஞ்சு எங்க பாப்பா போயிருச்சுங்க. என்ன பாவம் பண்ணுனியோன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலை.”

“இது வெறும் கதைதானுங்க.”

“அன்னைக்குப் பூராவும் பாப்பா அழுதுட்டே இருந்துச்சுங்க.”