ஹாரன் அடித்தால் அணையும் விளக்கு

பழைய லாரியில் விளக்கு மங்கினால் எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் அதன் மேல் தப்பு இருக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. மூன்று முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஒருமுறை பார்த்தால் எனக்குப் போதாது. கதவைப் பூட்டிவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவன் நான்.

சேன் பியேரில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு அந்த லாரி மே மாதம் வந்தது. யுத்தத்துக்கு முந்திய வண்டி. கரும்புத் தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போவது. முன்விளக்கு திடீரென்று அணைந்து தானே எரிகிறது என்றார் ஓட்டுநர் ஐயாசாமி. பல்பு, ஸ்விட்ச், ஃபியூஸ் என்று இரண்டு வாரம் தேடினேன். எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கிறது. கடைசியில் ரேடியேட்டருக்குக் கீழே துருப்பிடித்த ஒரு போல்ட். விளக்குக்கும் ஹாரனுக்கும் எர்த் கம்பி அந்த ஒரே போல்ட்டில்தான் சேர்கிறது. அது தளர்ந்திருந்தால் இரண்டின் மின்சாரத்தையும் தாங்காது, ஹாரனை அழுத்தும்போது விளக்கு அணையும். கையை எடுத்தால் எரியும்.

சொன்னேன். பட்டறையே சிரித்தது.

"ஹாரன் அடிச்சா விளக்கு அணையுமா? அப்ப நான் தும்முனா பிரேக் பிடிக்குமா, மிஸ்யே லிவ்?" என்றார் ஐயாசாமி. கிரியோலில் மிஸ்யே என்றால் ஐயா, லிவ் என்றால் புத்தகம். காத்ர் போர்ன் ஊரில் மோட்டார் படிக்க மாலை வகுப்புக்குப் போவதால் எனக்கு அந்தப் பெயர்.

"பேட்டரிய மாத்து, பேச்ச நிறுத்து," என்றார் முதலாளி ஜெரார்.

மாற்றினேன். போல்ட்டையும் சுரண்டி முறுக்கினேன். விளக்கு சரியானது. பார்த்தாயா, பேட்டரிதான் என்றார்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றியது என் தவறு. எது சரிசெய்தது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. மூன்று வாரம் தூக்கமில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன்.

சந்தேகம் இருந்தால் செய்த ரிப்பேரைக் கலைத்துப் பார், பழுது திரும்பினால் நீ கண்டது சரி என்பார் வகுப்பு ஆசிரியர் லிண்ட்சே. இடையில் ஒருநாள் லாரி வந்தபோது, பட்டறையில் நிறுத்தியே போல்ட்டைத் தளர்த்தி ஹாரனை அழுத்திப் பார்த்தேன். விளக்கு மங்கியது, அணையவில்லை. மறுபடி முறுக்கிவிட்டேன். ஓட்டத்தில் அதிர்ந்தால்தான் அணையும் என்று நினைத்தேன். நினைப்பது சாட்சி ஆகாது.

ஜூன் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை, லாரி எண்ணெய் மாற்ற வந்தது. போல்ட்டை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். அன்று வகுப்புக்குப் போகாமல் தோட்டத்து வளைவில் கரும்புக்குள் நின்றேன். அந்த மாதத்தில் கரும்பு ஆளை மறைக்கும். அங்கே ஹாரன் அடிக்காமல் யாரும் திரும்பமாட்டார்கள்.

ஆறு மணிக்கு இருட்டிவிட்டது. கோயிலிலிருந்து பொன்னம்மா அத்தையும் மகள் ருக்மணியும் வந்தார்கள்.

"யாரது, மிஸ்யே லிவ்வா? கரும்புக்குள்ள என்னப்பா பண்ற?"

"ஒண்ணுமில்ல அத்தை."

"பாடம் படிக்கிறாரும்மா," என்று ருக்மணி சிரித்தாள்.

"மழை வருது, வீட்டுக்குப் போ," என்றார் அத்தை.

அவர்கள் வளைவை நோக்கி நடந்தார்கள். லாரிச் சத்தம் கேட்டது. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் ஓரத்தில் ஒதுங்கியிருப்பார்கள். ஐயாசாமி அண்ணன் லேசாக ஒருமுறை தட்டிவிட்டுப் போயிருப்பார். அது சோதனை ஆகாது.

திரும்பும்போதே அண்ணன் அவர்களைப் பார்த்தார். ஹாரனை அழுத்தினார். விளக்கு இரண்டும் அணைந்தன. எதிரே ஆளைப் பார்த்தவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கமாட்டான். அதை நான் முன்கூட்டி நாட்குறிப்பில் எழுதி வைக்கவில்லை.

மணி ஆறு பத்து. குறித்துக்கொண்டேன். லாரி மோதி அத்தை அங்கேயே முடிந்துபோனார். ருக்மணி மறுநாள் மதியம் வரை இருந்தாள். அவர்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை.

விளக்கு தானே அணைந்தது என்று ஐயாசாமி அண்ணன் சொல்வதை நீங்கள் நம்பவில்லை. விளக்கில் குறை இல்லை, புது பேட்டரி என்று முதலாளியும் சொல்லிவிட்டார். போல்ட்டைத் தளர்த்தியது நான். தெரிந்தே செய்தேன். அண்ணன் மேல் பழி விழக்கூடாது என்றுதான் இங்கே வந்தேன்.

நான் செய்ததை எந்த இடத்தில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வரியில் மட்டும், பேட்டரியில் பழுது இல்லை என்று எழுதி, அதற்குக் கீழே முதலாளி ஜெராரிடம் கையெழுத்து வாங்குங்கள்.