அஞ்சரைக்குள் ஒரு கத்தி

தம்பிதுரை: ...இதே கத்திதானுங்க வேணும். இதே நீளம், இதே கைப்புடி. ஒரு நூல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

லட்சுமியம்மாள்: இதேன்னா எதுங்க தம்பி? மொதல்ல பொட்டலத்தைப் பிரிங்க. பாக்காம எப்படி எடுத்துக் குடுக்கறது?

தம்பிதுரை: பிரிக்கறேனுங்கம்மா. அந்தப் பக்கம் குக்கர் பாக்கறவங்க போயிறட்டும்.

லட்சுமியம்மாள்: ஏனுங்க... ரத்தம் கித்தம் இருக்குதா?

தம்பிதுரை: ஐயோ, மெதுவாப் பேசுங்க!

லட்சுமியம்மாள்: கணபதியில பாத்திரக் கடை வெச்சு முப்பது வருசமாச்சு. காய் அரியற கத்தியை பனியன் வேஸ்ட்டுத் துணியில சுத்தி, இடுப்புல சொருகிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்.

தம்பிதுரை: ...போயிட்டாங்க. இந்தாங்க, பாருங்க.

லட்சுமியம்மாள்: அட சாமி! மூஞ்சி தெரியுது!

தம்பிதுரை: மிர்ரர் ஃபினிஷுங்க.

லட்சுமியம்மாள்: ஓரம் மட்டும் நீலமா இருக்குதே... மயில் கழுத்தாட்ட.

தம்பிதுரை: அதுதானுங்க... கொஞ்சம் சூடாயிருச்சு. டெம்பர் போச்சு.

லட்சுமியம்மாள்: எனக்குப் புரியறாப்புல சொல்லுங்க.

தம்பிதுரை: இனி எத்தன தடவ சாணை புடிச்சாலும் கூர் நிக்காதுங்க. ரெண்டு தக்காளி வெட்டுனா மூணாவது தக்காளி நசுங்கும்.

லட்சுமியம்மாள்: எவன் தேய்ச்சான் இப்படி? சைக்கிள்ல சாணைக்கல்லு வெச்சுட்டு வருவானே, அவனா?

தம்பிதுரை: அவனுக்கு இவ்வளவு ஃபினிஷிங் வருமுங்களா?

லட்சுமியம்மாள்: ஓ... நீங்கதானா!

தம்பிதுரை: ரெண்டாவது வீதியில லேத் பட்டறை வெச்சிருக்கேனுங்க. தம்பிதுரைன்னா எல்லாருக்கும் தெரியும். பம்ப் ஷாஃப்ட் தேய்க்கற மெஷின்ல ஏத்துனேன். ஷாஃப்ட்னா தாங்கும்ங்க. இது மெலிசு. சூடு போறதுக்கு எடமில்ல.

லட்சுமியம்மாள்: இத்தன தெரிஞ்சவரு ஏன் ஏத்துனீங்க?

தம்பிதுரை: ஏத்துனதுக்கு அப்பறம்தானுங்க தெரிஞ்சுது.

லட்சுமியம்மாள்: சரி, கத்தி யாருது?

தம்பிதுரை: ஊட்டுக்காரியோடது. வெள்ளகோவிலுக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போயி நாலு நாளாச்சு. இன்னைக்குப் பொழுதோட, அஞ்சரைக்கெல்லாம் வந்துருவா. அதுக்குள்ள இதே மாதிரி ஒண்ணு ஊட்ல இருக்கோணும்.

லட்சுமியம்மாள்: இல்லாட்டி?

தம்பிதுரை: இல்லாட்டி... போன வருசம் மிக்ஸி பிளேடைத் தேய்ச்சேனுங்க. அப்பறம் கத்திரிக்கோலு. அப்பறம் தேங்காத் துருவி.

லட்சுமியம்மாள்: துருவியில தேய்க்கறதுக்கு என்ன இருக்குது?

தம்பிதுரை: பல்லெல்லாம் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ இருந்துச்சுங்க. ஒரே மட்டம் பண்ணுனேன்.

லட்சுமியம்மாள்: துருவுச்சா?

தம்பிதுரை: தடவிப் பாத்தா நெம்ப நல்லா இருந்துச்சு.

லட்சுமியம்மாள்: அது சரி!

தம்பிதுரை: சிரிக்காதீங்கம்மா. அன்னைக்கே சொல்லிப்போட்டா. இனி என்ற அடுப்படிச் சாமான் ஒண்ணு உங்க மெஷின்ல ஏறுச்சுன்னா, அடுத்த தீபாவளி வரைக்கும் உங்களுக்கு மெஸ் சாப்பாடுதான், கேரியர் வராதுன்னு.

லட்சுமியம்மாள்: இப்பத்தானே தீபாவளி முடிஞ்சுது!

தம்பிதுரை: அதனாலதானுங்க இவ்வளவு அவசரம். பதினோரு மாசம்!

லட்சுமியம்மாள்: சரி, அழுகாதீங்க. கத்தி மேல பேரு அடிச்சிருப்பாங்களே... அதைப் பாத்தா அதே சாமான் எடுத்துரலாம். ...பேரைக் காணோமே?

தம்பிதுரை: அது கொஞ்சம் மேடா இருந்துச்சுங்க.

லட்சுமியம்மாள்: தேய்ச்சுட்டீங்க.

தம்பிதுரை: தேய்ச்சுட்டேன்.

லட்சுமியம்மாள்: உங்களோட எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ! இங்க பாருங்க. இந்தக் கறுப்புப் புடியில எங்கிட்ட மூணு தினுசு இருக்குது. வவுறு வளைஞ்சு இருக்கறது ஒண்ணு. பலகையில வெச்சு, நுனியை எடுக்காம ஊஞ்சலாட்ட ஆட்டி அரியறவங்களுக்கு. நேரா இருக்கறது, மேல இருந்து ஒரே அமுக்கா அமுக்கறவங்களுக்கு. மெலிசா இருக்கறது பலகையே இல்லாம கையில வெச்சு அரியறவங்களுக்கு. உங்க கத்தி வளைஞ்சா இருந்துச்சு, நேராவா?

தம்பிதுரை: மொதல்ல லேசா வளைவு இருந்த மாதிரி ஞாபகமுங்க. தேஞ்சு தேஞ்சு வளைஞ்சிருக்குதுன்னு நெனச்சு...

லட்சுமியம்மாள்: நேராக்கிட்டீங்க.

தம்பிதுரை: நேராக்கிட்டேன்.

லட்சுமியம்மாள்: அப்ப கத்தியைக் கேட்டுப் பிரயோஜனமில்ல. அரியறவங்களைத்தான் கேக்கோணும். உங்க ஊட்ல பலகையில வெச்சு அரிவாங்களா, கையில வெச்சா?

தம்பிதுரை: ...நல்லா அரிவா.

லட்சுமியம்மாள்: நான் அதையா கேட்டேன்?

தம்பிதுரை: கொத்தவரங்கா பொரியல் வெச்சா, எல்லாம் ஒரே அளவா இருக்கும்ங்க. அரை சென்டிமீட்டர். கோழி வறுவலுக்குத் தேங்காப் பல்லு போடுவா பாருங்க, ஒரு மில்லி, ஒண்ணேகால் மில்லி... அதுக்கு மேல போகாது.

லட்சுமியம்மாள்: தட்டுக்கு வந்ததுக்கு அப்பறம் நடந்ததெல்லாம் சொல்றீங்க. அதுக்கு முன்னால ஒண்ணும் தெரியாதா? கலியாணமாகி எத்தன வருசம்?

தம்பிதுரை: பத்தொம்பதுங்க.

லட்சுமியம்மாள்: அடுப்படிப் பக்கம் போயிருக்கீங்களா?

தம்பிதுரை: ஃபியூஸ் போனா போவேன். ...இருங்க, இருங்க! பலகைன்னு ஒண்ணு ஃபிரிட்ஜுக்குப் பின்னால கெடக்குது. அதுல கரப்பான் மருந்து வெச்சிருக்கறா. அப்ப கையில வெச்சுத்தான் அரியறா! சரிங்களா?

லட்சுமியம்மாள்: பரவால்ல, மூளை வேலை செய்யுது. அப்ப மெலிசு. இந்தா இது.

தம்பிதுரை: குடுங்க குடுங்க, மணி நாலே முக்கால்.

லட்சுமியம்மாள்: கையில வாங்காதீங்க! மேசை மேல வைக்கறேன், எடுத்துக்கங்க. கத்தியைக் கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்.

தம்பிதுரை: உங்களுக்கும் எனக்கும் என்னங்கம்மா சண்டை?

லட்சுமியம்மாள்: புதுசா ஒரு சண்டை எதுக்குங்க? உங்களுக்கானது பஸ்ஸேறி வந்துட்டிருக்குதே. ...ஏனுங்க, அது என்ன, சட்டைப் பையில இருந்து எடுக்கறீங்க?

தம்பிதுரை: வெர்னியருங்க. கனம் பாக்கறேன். ஒண்ணு புள்ளி நாலு... ஏனுங்கம்மா, இது ஒரு பக்கம்தான் சரிவாத் தேய்ச்சுப் பட்டை போட்டிருக்குது. அக்கட்ட சப்பையா இருக்குதே? மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்டுங்க இது!

லட்சுமியம்மாள்: டிஃபெக்ட்டுமில்ல ஒண்ணுமில்ல. மெலிசு அப்படித்தான் வரும். வலது கைக்காரங்களுக்கு இந்தப் பக்கம் பட்டை. இடது கைக்காரங்களுக்கு அந்தப் பக்கம். மாத்தி எடுத்தா வாழக்கா வட்டம் கோணலாப் போகும். உங்க ஊட்ல எந்தக் கை?

தம்பிதுரை: சோத்துக் கை வலதுங்க.

லட்சுமியம்மாள்: எல்லாருக்கும் அதான் சோத்துக் கை. அரியற கை?

தம்பிதுரை: என்ற தங்கச்சி ஒரு தடவ சொன்னா... அண்ணி பீச்சாங்கையில அரியறாங்கன்னு... இல்ல, அது கோலம் போடறதைச் சொன்னாளா... ஏனுங்கம்மா, ரெண்டையும் வாங்கிக்கட்டுமா?

லட்சுமியம்மாள்: ரெண்டைக் கொண்டுபோயி எது உங்க கத்தின்னு அவங்ககிட்டயே கேப்பீங்களா? போனைப் போடுங்க.

தம்பிதுரை: போட்டு? காய் எந்தக் கையில அரிவேன்னு கேட்டா அந்த நிமிசமே புடிச்சுப்போடுவா.

லட்சுமியம்மாள்: நேராக் கேக்காதீங்க. எதையாச்சும் சொல்லி விசாரிங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்.

தம்பிதுரை: ...அம்மணி! எங்க வந்துட்டிருக்கற?

லோகப்பிரியா: பல்லடம் தாண்டியாச்சுங்க. பஸ்ஸுல ஒரே எரைச்சல். சாப்புட்டீங்களா?

தம்பிதுரை: ஆச்சு ஆச்சு. லோகு, ஒரு சின்ன விசயம். இங்க... கார்ப்பரேசன்ல இருந்து வந்திருக்கறாங்க.

லோகப்பிரியா: வரி கட்டியாச்சே?

தம்பிதுரை: வரி இல்ல, கணக்கெடுப்பு. ஊட்ல இடது கைக்காரங்க எத்தன பேருன்னு.

லோகப்பிரியா: ...என்னது?

தம்பிதுரை: இடது கைக்காரங்க. கவர்மெண்ட்டுல கேக்கறாங்க.

லோகப்பிரியா: எதுக்குங்க?

தம்பிதுரை: ஏதோ... திட்டமாம். மானியமெல்லாம் குடுப்பாங்களாட்ட இருக்குது.

லோகப்பிரியா: இடது கைக்கு மானியமா! சரி, நான் எழுதறது வலது கையில. எழுதிக்கச் சொல்லுங்க.

தம்பிதுரை: எழுதறது வேண்டாம் அம்மணி. மத்த வேலைக... இப்ப, உதாரணத்துக்கு... காய் அரியறது.

லோகப்பிரியா: கார்ப்பரேசன்காரங்க கேக்கறாங்களா, நான் காய் எந்தக் கையில அரியறேன்னு?

தம்பிதுரை: ஆமா. ஃபாரத்துலயே இருக்குது. பதினாலாவது கேள்வி.

லோகப்பிரியா: போனை அவங்ககிட்டக் குடுங்க.

தம்பிதுரை: அவங்க... பிசியா இருக்காங்க.

லோகப்பிரியா: குடுங்க சொல்றேன்.

லட்சுமியம்மாள்: வணக்கமுங்க மேடம். கணக்கெடுப்புல இருந்து பேசறேன். காய் அரியற கை... வலதா, இடதாங்க மேடம்?

லோகப்பிரியா: இடது.

லட்சுமியம்மாள்: நன்றிங்க மேடம்.

லோகப்பிரியா: இருங்க. ...லட்சுமியம்மா, நீங்க எப்பங்க கார்ப்பரேசன்ல வேலைக்குச் சேந்தீங்க?

லட்சுமியம்மாள்: தம்பி, புடிங்க உங்க போனை. எனக்கு யாவாரம் இருக்குது.

லோகப்பிரியா: போகாதீங்கம்மா! உங்க கடையில வாங்குன கத்தியை என்ன பண்ணுனாருன்னு அவரு வாயாலயே சொல்லச் சொல்லுங்க.

தம்பிதுரை: லோகு... வேணும்னு பண்ணல. நல்லா இருக்கட்டும்னுதான்...

லோகப்பிரியா: மெஷின்ல ஏத்தியாச்சு.

தம்பிதுரை: ஏத்திப்போட்டேன் அம்மணி. ஆனா இங்க இடது கைக் கத்தி ஒண்ணே ஒண்ணு இருக்குது. இப்பவே வாங்கிட்டு வாரேன். மெஸ்ஸுன்னு மட்டும் சொல்லிப்போடாத.

லோகப்பிரியா: ஹ... ஹஹ்ஹா...

தம்பிதுரை: சிரிக்கறயா, அழுகறயா?

லோகப்பிரியா: பக்கத்து சீட்டுக்காரங்கெல்லாம் என்னையப் பாக்கறாங்க... ஐயோ, வவுறு வலிக்குது. ஏனுங்க, புதுசெல்லாம் ஒண்ணும் வாங்க வேண்டாம். ஊட்டுக்குப் போங்க.

தம்பிதுரை: அப்ப கேரியரு?

லோகப்பிரியா: வரும் வரும். நாளைக்கே வரும். நீங்க கெடுத்தது டம்மிக் கத்திங்க.

தம்பிதுரை: என்ன கத்தி?

லோகப்பிரியா: டம்மி. துருவி போனப்பவே முடிவு பண்ணிட்டேன். லட்சுமியம்மாகிட்ட ஒரே மாதிரி ரெண்டு வாங்குனேன். ஒண்ணு பால் பாக்கெட் வெட்டறதுக்கு, கொரியர் டப்பா பிரிக்கறதுக்கு. அதை உங்க கண்ணுல படற மாதிரி ரேக்குல தொங்க விட்டேன்.

லட்சுமியம்மாள்: அடி கண்ணு! அதுக்குத்தான் ரெண்டா? ஒண்ணு நாத்தனாருக்குன்னல்லோ நெனச்சேன்!

தம்பிதுரை: லோகு, ஒரு நிமிசம்...

லோகப்பிரியா: இருங்க, சொல்லி முடிச்சர்றேன். உங்க கை சும்மா இருக்காதுன்னு தெரியும். எப்படியும் ஏதாச்சும் ஒண்ணைத் தேய்ப்பீங்க. தேய்க்கறதுதான் தேய்க்கறாரு, டம்மியைத் தேய்க்கட்டும்னு விட்டுட்டேன். நாலு நாளு தாங்குனதே பெருசு.

தம்பிதுரை: அம்மணி, நான் என்ன சொல்ல வாரேன்னா...

லோகப்பிரியா: ஒண்ணும் சொல்ல வேண்டாம். கோவமே இல்லீங்க எனக்கு. நான் வாரப்ப சாயங்காலத்துக்குக் கத்திரிக்கா வாங்கிட்டு வாரேன். நல்ல கத்தி பத்திரமா இருக்குது.

லட்சுமியம்மாள்: எங்க கண்ணு வெச்சிருக்கற? அவரு கண்ணுல படாம?

லோகப்பிரியா: அரிசி டிரம்முல, அரிசிக்கு அடியில. பத்தொம்பது வருசத்துல அவரு அந்த டிரம்மைத் தொட்டதில்லீங்கம்மா.

லட்சுமியம்மாள்: கெட்டிக்காரி! தம்பி, கேட்டீங்களா? தப்பிச்சீங்க போங்க. கத்தியை உள்ள எடுத்து வைக்கட்டுமா? ...ஏனுங்க தம்பி, மூஞ்சி ஏன் இப்படி வேர்க்குது?

லோகப்பிரியா: ஏனுங்க... லைன்ல இருக்கீங்களா? சத்தத்தையே காணோம்?

தம்பிதுரை: இருக்கறேன் அம்மணி... ரேக்குல தொங்குனதை எடுத்துப் பாத்தேன். ஒரே மொண்ணை. ஸ்கிராப்பை யாராச்சும் மெஷின்ல ஏத்துவாங்களா? அப்படியே மாட்டிப்போட்டேன்... நேத்து, நீதான் இல்லையேன்னு, மொதத் தடவையா நானே சோறாக்கலாம்னு டிரம்மைத் தொறந்து அரிசி அள்ளுனேன்... அடியில இந்தக் கத்தி கையில தட்டுச்சு.