என் பெயரில் ஒரு சாவி

மதியச் சாப்பாட்டுக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை என்பதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை, ஐயா. தனியாகச் சாப்பிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் நிறுவனம் எங்களுடையது. நோயாளியின் மூச்சு குறைந்தால் செவிலியர் மேசையில் அலாரம் அடிக்க வைக்கும் நிரலைப் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதியவன் நான். அதை ஒரு கணினியில் நிறுவும்போது, அது நம்பியிருக்கும் வேறு சில துணை நிரல்களும், அதாவது பேக்கேஜ்களும், இணையம் வழியே கூடவே இறங்க வேண்டும். சில எல்லோருக்கும் திறந்திருக்கும் பொதுக் களஞ்சியத்தில் கிடைக்கும். முக்கியமானவை எங்கள் நிறுவனத்தின் பூட்டிய களஞ்சியத்தில் இருந்தன. அதைத் திறக்க, கடவுச்சொல் மாதிரி ஒரு டோக்கன் வேண்டும். சாவி என்போம். அது என் பெயரில் இருந்தது.

அந்தச் சாவி தினமும் காலாவதியாகும்படி வைத்திருந்தேன். பாதுகாப்புக்காகத்தான். அதனால் காலையில் ஒவ்வொருவராக என் மேசைக்கு வருவார்கள். இன்ஸ்டால் மறுபடியும் பாதியில் நின்றுவிட்டது சார் என்பார்கள். உட்காரச் சொல்வேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பேன். சாவி கைக்கு வரும்வரை பொறுமையாகப் பதில் சொல்வார்கள். நல்ல பிள்ளைகள்.

பிறகு ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். கெட்டிக்காரி. மேலாளரிடம் அனுமதி வாங்கி, நிறுவும் கணினியே தானாகச் சாவி பெற்றுக்கொள்ளும்படி செய்துவிட்டாள். அதன்பின் என் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எதிரே இருந்த நாற்காலியையும் யாரோ தேவைப்படுகிறது என்று எடுத்துப் போனார்கள்.

அவள் செய்ததை ரத்து செய்ய ஒரு வரிக் கட்டளை போதும். வீட்டிலிருந்தே செய்தேன். அன்று ஒரு மருத்துவமனையில் பழைய கணினியைக் கழற்றிவிட்டுப் புதியதில் எங்கள் நிரலை நிறுவப் போகிறார்கள், அவள்தான் நேரில் போகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விடுப்பு எடுத்தேன்.

கைபேசி விடாமல் அடித்தது.

"எடுத்துத்தான் பேசுங்களேன், பாவம்" என்றாள் மனைவி.

எடுத்தேன். அந்தப் பெண்தான்.

"சார், நம்ம களஞ்சியத்துல இருக்கற பேக்கேஜ் ஒண்ணுகூட இறங்க மாட்டேங்குது. இங்க அலாரம் இல்லாம நோயாளிங்க படுத்திருக்காங்க. சாவியை மட்டும் அனுப்புங்க சார், மீதியை நானே பாத்துக்கறேன்."

கொஞ்சம் கெஞ்சியிருந்தால் கொடுத்திருப்பேன். மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? சிக்னல் சரியில்லையம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். மனைவி காபி கலந்து வந்தாள். யார் போனில் என்று கேட்டாள். ஆபீஸ்தான், ஒன்றுமில்லை என்றேன்.

செவிலியர்கள் கட்டில் கட்டிலாக ஓடிப் பார்த்தார்களாம். கடைசிக் கட்டிலில் இருந்தவருக்கு என் வயதுதான். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு மூச்சு நின்றிருந்தது.

செய்தி வந்த உடனேயே சாவியை அனுப்பிவிட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒரு பிழைகூட வராமல் எல்லாம் ஒரே மூச்சில் இறங்கியது. அதற்கு அந்தப் பெண் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. மற்றபடி எனக்கு யார்மீதும் வருத்தம் கிடையாது.