தட்டத்துக்கு அடியிலை பேர்

...பத்து நாளாம்! பத்து நாளுக்குள்ளை காசு கட்டாட்டி வழக்காம்! மெல்ல, தம்பி, மெல்ல... பிரிட்ஜை உம்மடை பக்கம் கொஞ்சம் சரியும். இந்த ஊர்ப் படியளைச் சுழட்டிச் சுழட்டிக் கட்டினவன் ஒருநாளும் வீடு மாறியிருக்க மாட்டான். சரி, இதிலை நிண்டு மூச்சு விடுவம். கையை மட்டும் விட்டிடாதையும்!

எனக்கு, இந்த அருமைராசாவுக்கு, லோயர் கடிதம்! பன்ரண்டு வருசம் அந்தக் கேட்டரிங் குசினியிலை வெங்காயம் வெட்டினவனுக்கு! என்னத்தை எடுத்தனான்? கறி வைக்கிற பெரிய எவர்சில்வர் தட்டம். பதினெட்டு. மகள் றொஷினி சேர்ச்சிலை முதல்நன்மை எடுத்த விருந்துக்கு. சனிக்கிழமை கொண்டுபோனன், திங்கள் விடிய ரெண்டு தரம் சோப் போட்டுக் கழுவி, எடுத்த இடத்திலையே அடுக்கினன். இப்ப என்னடாவெண்டால், கீறல் விழுந்து பழுதாப் போச்சாம், பதினெட்டுக்கும் புது விலை தரட்டாம். விசாரிச்ச செலவு வேறை முந்நூறு டொலர். விசாரிச்சது அஞ்சு நிமிசம், தம்பி!

நான் கள்ளனோ? நீர் சொல்லும். பஸ்ஸுக்குள்ளையும் இதைத்தான் யோசிக்கிறன். கேக்காமல் எடுத்தால் களவுதான்... ஓம். ஆனா எந்தக் கள்ளன் கழுவித் திருப்பிக் குடுப்பான்? தலையை ஆட்டாதையும், பிரிட்ஜ் ஆடுது.

ஆர் காட்டிக் குடுத்ததோ? கோப்பை கழுவுற எங்கடை தமிழ்ப் பெடியன் கிறிஸ்தோப்பர் எண்டு நினைச்சு ஒரு கிழமை அவனோடை கதைக்கேல்லை. பாவம், அவனில்லை. முதலாளி எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி, ஒரு தட்டத்தைக் கவிட்டுப் பிடிச்சார். அடியிலை எழுத்து. 'இது என்ன பாசை?' எண்டார். ஒருத்தருக்கும் தெரியேல்லை. கிறிஸ்தோப்பர் நிலத்தைப் பாக்கிறான். பன்ரண்டு வருசத்திலை முதல்தரமா, முதலாளி கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியுது, தம்பி! கண்ணாடியைப் போட்டன். முன்னுக்குப் போனன். சத்தமா வாசிச்சன்: 'அ. அருமைராசா, பார்க் எக்ஸ்டென்ஷன்.' ரெலிபோன் நம்பரையும் வாசிச்சன்.

பின்னை? விருந்து ஹோலிலை எல்லாற்றை சட்டிபானையும் கலந்துபோமல்லே. பேர் எழுதாட்டித் திரும்பி வருமே? என்ரை மனிசி அல்போன்சம்மா, 'ரேப் துண்டிலை எழுதி ஒட்டுங்கோ, காணும்' எண்டுதான் சொன்னவ. நான்தான்... ரேப் கழண்டுபோம், முதலாளியின்ரை சாமான் ஒண்டும் துலையக்கூடாதெண்டு, ஆணியாலை கீறினனான். பதினெட்டிலையும். நல்ல ஆழமா.

அவவுக்கு இன்னும் இந்தக் கடிதம் தெரியாது. தெரிஞ்சால் லோயர் தேவையில்லை. நீர் பிரெஞ்சு வடிவாக் கதைப்பீராமே? அந்தப் பிரெஞ்சு லோயருக்கு ஒரு போன் அடிச்சு, நீர்தான் அருமைராசா எண்டு சொல்லி, கொஞ்சம் அழுது, மன்னிப்புக் கேட்டு... தம்பி? யோகேந்திரன் தம்பி! ஏன் மேலை ஓடுறீர்? ஐயோ, பாரமெல்லாம் என்ரை நெஞ்சிலை... தம்பி, இது உம்மடை பிரிட்ஜ்!