ராஜா அழுதாரான்னு ராஜாதான் சொல்லணும்

இல்லக்கா, நாட்டுக்குப் பேர் அப்புறம் வச்சுக்கலாம். பேர் யோசிக்க உக்காந்தா நீ நாளைக்குதான் எந்திரிப்ப. முதல்ல கடல் எந்தப் பக்கம்னு முடிவு பண்ணு. என்னது, கடலே வேண்டாமா? தீவுக்கா இது! தீவுன்னா சுத்தி கடல் இருக்கத்தான் செய்யும், அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மேப்புல காலியா இருக்கறது கிழக்கால இந்த ஒரு தீவுதான். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள விண்ணப்பம் போடலன்னா வேற யாராவது தூக்கிட்டுப் போயிடுவாங்க. இப்பவே மணி நாலேகால்.

கரை வரைய உனக்கு வராதா? வராதுன்னு யார் சொன்னா? சரி, அத விடு, அதுக்கும் அப்புறம் வரேன். போர்வைய மடிச்சுகிட்டே கேளு, ஒண்ணும் தப்பில்ல. காது மட்டும் இங்க இருக்கட்டும். ஏன்னா இந்த விளையாட்டு முடியறதுக்குள்ள உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லியாகணும். இப்ப இல்ல. இப்ப சொன்னா புரியாது, விதியெல்லாம் தெரிஞ்சுகிட்டாதான் புரியும். இல்லக்கா, கடன் கிடன் ஒண்ணும் வாங்கல, மூஞ்சிய அப்படி வைக்காத.

சின்னப் புள்ளைங்க விளையாட்டுன்னு நானும்தான் நெனச்சேன். எங்க கிளினிக்குக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக் வருவாரு, பல்லுல வேர் சிகிச்சைக்கு, நாலு தவணை. ஊசி போட்டு வாய் மரத்துப்போயி, வெளிய என் டேபிளுக்கு எதிர்க்க உக்காந்து ஃபோன்ல தட்டு தட்டுன்னு தட்டிட்டே இருப்பாரு. என்ன சார் ஆபீஸ் வேலையான்னு கேட்டேன். வாய் கோணிக்கிச்சு, பேச வரல. ஃபோன காட்டறாரு. அதுல எழுதியிருக்கு, மந்திரிசபைக் கூட்டம் நடக்குதாம். வெண்கலக்கோட்டைன்னு ஒரு நாடு, அதுக்கு அவர்தான் ராஜாவாம். கையெல்லாம் கிரீஸ், வாயோரம் எச்சில் ஒழுகுது, ராஜாவாம்! சிரிச்ச சிரிப்புல டாக்டரே வெளிய எட்டிப் பாத்துட்டாரு.

அடுத்த வாரம் நான் ஒரு நாட்டுக்குத் தலைவி. அவ்வளவுதான், விழுந்துட்டேன்.

பெரிய வித்தையெல்லாம் இல்லக்கா. அது நெட்டுல எழுதியே விளையாடற ஒரு ஃபோரம், ஆளாளுக்கு ஒரு நாடு. பேச்சு ஒண்ணொண்ணும் ஓடற இடத்துக்குத் திரின்னு சொல்லுவாங்க. வணிகத்துக்கு ஒரு திரி, சண்டைக்கு ஒரு திரி, சும்மா அரட்டைக்கு ஒண்ணு. புதுசா வர்றவங்க முதல்ல மேப்புல எடம் கேக்கணும். அப்புறம் நாட்டப் பத்தி ஒரு பக்கம் எழுதணும், எத்தன பேர் இருக்காங்க, யார் ஆளறாங்க, என்ன விளையுது, மழை பெய்யுமா, ரயில் நேரத்துக்கு வருமான்னு. இங்கதான் எல்லாரும் கோட்ட விடுவாங்க. முதல் நாளே அம்பது கோடி ஜனம், ஆயிரம் விமானம், வீட்டுக்கு ஒரு தங்கச்சுரங்கம்னு எழுதிட்டு வந்து நிப்பாங்க. ஃபோரத்த நடத்தற அட்மின் அப்படியே திருப்பி அனுப்பிருவாரு. புது நாடுன்னா அஞ்சு லட்சம் பேர், ஒரே ஒரு துறைமுகம், அதுக்கு மேல கெடையாது. முதல் வாரம் சண்டையும் போடக்கூடாது. ஊருக்குப் புதுசா குடிவந்தவங்க மாதிரி நாலு பேருக்கு வணக்கம் சொல்லி, தூதுவர அனுப்பி, எதையாவது வித்து, எதையாவது வாங்கி, அப்படியே கலந்துக்கணும்.

என் நாடா? தலையணைக் குடியரசு. சிரி, நல்லா சிரி. பேர் தோணல, அப்ப மடியில தலையணைதான் இருந்துச்சு. இலவம்பஞ்சு ஏற்றுமதி. மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்கறது அடிப்படை உரிமை, தூங்கறவங்கள எழுப்பினா ஆறு மாசம் உள்ள. நாப்பது கப்பல் வச்சிருக்கேன். கப்பல்னா படகுதான், பேருக்குக் கப்பல். ஆமா, பல்லுக்குத் தனி மந்திரி உண்டு. எங்க டாக்டருக்குத் தெரியாது, தெரிஞ்சா சம்பளம் கேப்பாரு.

இப்பதான் முக்கியமான எடம். அந்தத் தலையணை உறைய கீழ வை. கேளு.

வெண்கலக்கோட்டைக்கும் எனக்கும் மீன்புடிக்கற எல்லையில தகராறு. ஆமா, அதே லிஃப்ட் மெக்கானிக்தான், கிளினிக்ல வந்தா நல்லாதான் பேசுவாரு. ஃபோரத்துல மட்டும் என் மீனவங்க நாலு பேரப் புடிச்சு வச்சுகிட்டு உடமாட்டேன்னுட்டாரு. எனக்கு ஏறிக்கிச்சு. உக்காந்து ஒரே மூச்சா எழுதினேன். எங்க நாப்பது கப்பலும் விடியக்காலைல போச்சு, ஒரே நேரத்துல சுட்டோம், அவங்க கோட்டை பொடிப்பொடியாச்சு, படையெல்லாம் சிதறி ஓடுச்சு, ராஜா முட்டி போட்டு கண்ணீர் விட்டு மன்னிப்பு கேட்டாருன்னு. எழுதிட்டு எனக்கே புல்லரிச்சுப் போச்சு, டாக்டர்கிட்ட சொல்லிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்தேன்.

வந்து பாத்தா திரிக்குப் பூட்டு! என் நாட்டையே மூணு நாளைக்கு நிறுத்தி வச்சுட்டாங்க. அட்மின் கீழ ரெண்டே வரி எழுதியிருக்காரு. உங்க பீரங்கி சுட்டுச்சுன்னு நீங்க எழுதலாம். அது பட்டுச்சா, எவ்வளவு வலிச்சுதுன்னு அவர்தான் எழுதணும்.

எனக்குக் கோவமான கோவம். நான் சுட்டா படாம எங்க போகும்? நேரா லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஃபோன போட்டேன். அந்த மனுஷன் பொறுமையா சொல்றாரு, ஏம்மா, ராஜா அழுதாரான்னு ராஜாதான சொல்லணும், நீங்க எப்படி சொல்லலாம்னு. அந்த விளையாட்டுக்கே அது ஒண்ணுதான்க்கா விதி. உன் பக்கத்த மட்டும் எழுது. நீ என்ன செஞ்ச, என்ன கேட்ட, எதுக்கு பயந்த, எல்லாம் எழுதிக்கோ. அடுத்தவங்க பக்கத்துல காலடி வைக்காத.

அதுல இன்னொரு பாதியும் இருக்கு. உன்ன அடிச்சா, அது பட்டத நீ ஒழுங்கா எழுதணும். எப்ப அடிச்சாலும் விலகிட்டேன், தப்பிச்சுட்டேன், ஒரு கீறல் கூட இல்லன்னு எழுதறவங்க கூட நாலு மாசத்துல ஒருத்தரும் விளையாட மாட்டாங்க. என் தடை முடிஞ்சதும் மெக்கானிக் அவர் பக்கத்த எழுதினாரு பாரு. கோட்டைல ரெண்டு சுவரு விரிசல், எட்டு படகு காலி, ராஜா அழல, அந்த நேரம் குளிச்சுகிட்டு இருந்தாரு. ஆனா அரண்மனை சமையல்காரருக்கு கால் ஒடிஞ்சு போச்சு, ராஜா அன்னிக்கு முழுக்கப் பட்டினின்னு. யாரும் கேக்காம எட்டு படகத் தானா விட்டுக் குடுத்தாருக்கா. அன்னிலேர்ந்து அவர் மேல எனக்கு ஒரு மரியாத. மீனவங்களையும் அனுப்பிட்டாரு.

இதுக்கப்புறம் எனக்கு வேலைல என்ன ஆச்சு தெரியுமா? பத்து வருஷமா அந்த டேபிள்ல உக்காந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்ற ஒரே வசனம் என்ன? வலிக்கவே வலிக்காதுங்க. ஒரு நாள் ஒரு லாரி டிரைவர், ஆள் மல மாதிரி இருக்காரு, கடவாய்ப் பல்லப் புடுங்கணும், பயத்துல வேர்த்துக் கொட்டுது. நான் வழக்கம்போல வலிக்கவே வலிக்காதுண்ணேன்னேன். அவர் கேட்டாரு, வாய் என்னோடதும்மா, உனக்கு எப்படித் தெரியும்? அட்மின் வந்து நிக்கற மாதிரியே இருந்துச்சு. இப்பல்லாம் அப்படி சொல்றதில்ல. வலிச்சா கைய தூக்குங்க, டாக்டர் நிறுத்திடுவாருன்னு சொல்றேன்.

வரேன்க்கா, விஷயத்துக்குதான் வரேன்.

போன வாரம் என் நாட்டுக்கு ஒரு மேப் கேட்டேன்ல? நீ வீட்டு பிளான் வரஞ்சு குடுக்கற எஞ்சினியர் ஃபோன்ல கக்கூஸ் எந்த மூலைல வரணும்னு கத்திட்டு இருந்தாரு. நீ ஆமா சார், சரி சார்னுட்டே அந்த மாடிப்படி பிளானத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பென்சிலால வரஞ்சு நீட்டின. பத்து நிமிஷம் கூட ஆகல. நீ கவனிக்கல. கவனிச்சிருந்தா கரை எனக்கு வராதுன்னு பென்சிலக் கீழ வச்சிருப்ப. அத ஃபோட்டோ எடுத்துப் போட்டேன். அதுக்கு அட்மின் எனக்குத் தனியா எழுதினாரு. இத வரஞ்சது யாரு, இது கிறுக்கல் இல்ல, எங்க ஆழம் எங்க பாறைன்னு கூட புள்ளி வச்சிருக்காங்க, எங்களோட மொத்த உலகத்தையும் புதுசா வரைய ஆள் தேடறோம், அவங்க வருவாங்களா கேட்டு சொல்லுங்கன்னு. அதுக்குதான் உன்ன இதுல சேரச் சொல்றேன். உறுப்பினர் ஆகாம மேப் பக்கம் திறக்காது.

நான் என்ன பதில் அடிச்சேன் தெரியுமா? அவளுக்கு விருப்பம் இருக்காதுங்கன்னு.

அனுப்பல. அழிச்சுட்டேன். ஆனா யோசிக்கறதுக்கு முன்னாடியே கை தானா அடிச்சுது பாரு, அத நெனச்சுதான் இந்த ஒரு வாரமா எனக்கு சோறு எறங்கல. ஏன்னா அது பழகின கைக்கா. இதே வாக்கியத்த முன்ன ஒரு தடவ சொல்லியிருக்கேன்.

அந்தக் கடல்படம் வரையற ஆபீஸ் ஞாபகம் இருக்குல்ல. பரிட்ச எழுதிட்டு வந்து மூணு மாசம் தபால்காரரையே பாத்துட்டு நின்னியே. கடைசில என் கோடு நடுங்கியிருக்கும்டி, அதான் எடுக்கலன்னு பேனாவெல்லாம் டப்பால போட்டு மூடின. அவங்க கூப்பிட்டாங்கக்கா. நீ குளிச்சுகிட்டு இருந்த, உன் ஃபோன் அடுப்படி மேடைல சார்ஜ்ல இருந்துச்சு. உங்க அக்கா முதல் ஆளா வந்திருக்காங்க, திங்கக்கிழம வந்து சேரணும், ரெண்டு வருஷம் கப்பல்ல இருக்கணும், வருவாங்களான்னு ஒரு அம்மா கேட்டாங்க. நான் சொன்னேன், அவளுக்கு விருப்பம் இல்லைங்க, மனசு மாறிட்டான்னு. அப்புறம் அந்த நம்பர அழிச்சுட்டேன்.

கைய எதுக்கு தூக்கற?

சரி. நிறுத்திட்டேன்.

...சொல்லவா? இன்னும் ஒரே ஒரு வரிதான். அம்மா போய் அப்ப நாலு மாசம்கா. நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் மட்டும். எனக்கு பயமா இருக்கு, போகாதன்னு உன்கிட்ட சொல்லியிருக்கலாம். அது என் பக்கம், எழுதியிருக்கலாம். அத எழுதாம உன் பக்கத்த எழுதிட்டேன். பதினோரு வருஷமா நீ உன் கோடு நடுங்குச்சுன்னு நம்பிட்டு இருக்க. அது நடுங்கலக்கா. முதல் ஆளா வந்திருக்க.

நீ என்ன மன்னிச்சுட்டன்னு நான் எழுதமாட்டேன். நீ அழுதன்னும் எழுதமாட்டேன், உன் கண்ண நான் பாக்கவே இல்ல. இந்தா, லேப்டாப்ப உன் பக்கம் திருப்பிட்டேன், எண்டர் பட்டன் மட்டும் சிக்கும், அழுத்தி அடி. மேப் வரைய வரியா இல்லையான்னு நீயே அட்மின்கிட்ட சொல்லு. தீவு வேண்டாம்னா அதையும் நீயே சொல்லு. இனிமே என்கூட பேசமாட்டேன்னாலும் நீயேதான் எழுதணும்.

என்ன அடிக்கற? எட்டிப் பாக்கலக்கா, சத்தமா இருக்குன்னு கேட்டேன். கடல் நாலு பக்கமும்னு போட்டியா, நல்லது. அட, அது வணக்கம் சொல்ற திரி இல்லக்கா, சண்டைத் திரி. நாட்டுக்குப் பேர் கூட வைக்கல, அதுக்குள்ள தலையணைக் குடியரசு மேல போரா? முதல் வாரம் சண்டை கூடாதுன்னு இப்பதான சொன்னேன், அட்மின் பூட்டிருவாரு...

சரி. பூட்டினா பூட்டட்டும். நீ அனுப்பு. எத்தன கப்பல் முங்குச்சுன்னு நான்தான எழுதணும், நாப்பதும்னு எழுதறேன்.